மதிப்பெண் வருகிறது, புதிய நிரல் வரவில்லை: அறிமுகப் பாடத்தை எப்படித் திருத்தி அமைப்பது?

அரைப்புள்ளி கேட்டது:

பைத்தான் நிரல்மொழியை வைத்து 12 வார அறிமுக நிரலாக்கப் பாடம். வாரம் 2 மணி நேரம் வகுப்பு, 2 மணி நேரம் லேப், 36 மாணவர்கள். வேரியபிள், இஃப், லூப், ஃபங்ஷன், லிஸ்ட், டிக்ஷனரி என்ற வழக்கமான வரிசைதான். தேர்வில் பெரும்பாலோர் நன்றாகவே எழுதுகிறார்கள்.

இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஒன்று, பார்த்த கணக்கைச் சற்றே மாற்றிக் கேட்டால் கை நின்றுவிடுகிறது. லிஸ்டில் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர், இரண்டாவது பெரிய எண்ணைக் கேட்டால் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு, கடைசி 3 வாரம் விருப்பமான ப்ராஜெக்ட் செய்யலாம் என்று விட்டால் கால்குலேட்டர், வினாடி வினா, மாணவர் பதிவேடு என்ற மூன்றுக்குள்ளேயே சுற்றுகிறார்கள். நிரலும் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. ஒரு வரியைக் காட்டி இது எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை.

புரியவைக்க நேரம் செலவிட்டால் சொந்தமாகச் செய்ய நேரமில்லை. சொந்தமாகச் செய்யவிட்டால் புரிதல் இல்லாத ஒட்டு வேலை. இரண்டையும் ஒரே பாடத்துக்குள் கொண்டுவர எதை மாற்ற வேண்டும்? எந்தப் பயிற்சி, எவ்வளவு நேரம், எங்கே சொதப்பும் என்ற அளவில் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

தடம்காண் பதில்:

உங்கள் முதல் சிக்கலுக்கு மட்டும் சொல்கிறேன். அது உங்கள் வகுப்புக்கு மட்டும் உரியதல்ல. 2001-ல் மைக்கேல் மெக்ராக்கன் குழு, நான்கு பல்கலைக்கழகங்களில் அறிமுகப் பாடம் முடித்தவர்களிடம் கால்குலேட்டர் போன்ற ஒரு நிரலை எழுதச் சொன்னது. சராசரி 110-க்கு 23-ஐக்கூடத் தொடவில்லை. 2004-ல் ரேமண்ட் லிஸ்டரும் கூட்டாளிகளும் இன்னும் கீழே இறங்கி, சிறு நிரல்களைக் கொடுத்து, இது ஓடினால் என்ன வரும், விடுபட்ட இடத்தில் எது பொருந்தும் என்று மட்டும் கேட்டார்கள். அதிலேயே கணிசமானவர்கள் தடுமாறினார்கள். எழுத வரவில்லை என்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி, படிக்க வரவில்லை என்பதுதான்.

ஒரு வரி ஓடும்போது உள்ளே என்ன மாறுகிறது என்ற படம் மாணவர் மனதில் இருக்க வேண்டும். 1980-களில் பெனடிக்ட் டு போலே இதற்குக் கற்பனை இயந்திரம் என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார். நாம் அந்தப் படத்தை வரைந்து காட்டாவிட்டால் மாணவர்கள் தாங்களே ஒன்றை உருவாக்கிக்கொள்வார்கள், அது பெரும்பாலும் தவறாக இருக்கும்.

முதல் வாரத்திலேயே திருத்த வேண்டிய ஒன்று: வேரியபிள் என்பது பெட்டி என்று சொல்லாதீர்கள். பைத்தானில் அது மதிப்பின்மேல் கட்டிய பெயர்ச்சீட்டு. இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுத்துப் பாருங்கள்:

அ = 5
ஆ = அ
அ = 8

ப = [1, 2, 3]
க = ப
க[0] = 9

முதலாவதில் ஆ 5 ஆகவே இருக்கும். இரண்டாவதில் ப-வைக் கேட்டால் [9, 2, 3] வரும். பெட்டிப் படத்தை வைத்து முதலாவதை விளக்கிவிடலாம், இரண்டாவதை விளக்க முடியாது. பெயர்களை இடப்பக்கம், மதிப்புகளை வலப்பக்கம், நடுவில் அம்பு என்று முதல் நாளிலிருந்தே வரைய வைத்தால், ஐந்தாம் வாரம் லிஸ்ட் வரும்போது புதிதாக எதையும் சொல்ல வேண்டியதில்லை. க = ப என்பது அம்பை மட்டும் நகர்த்துகிறது, க[0] = 9 என்பது அம்பின் முனையில் இருப்பதையே மாற்றுகிறது. இந்த ஒரு வேறுபாட்டுக்கு அரை மணி நேரம் போனாலும் பரவாயில்லை.

வகுப்பில் தேடிப் பிடிக்க வேண்டிய தவறான எண்ணங்கள் இன்னும் சில உண்டு. வொயில் லூப்பின் நிபந்தனை பொய்யான அந்த நொடியே, நடு வரியிலேயே வெளியேறிவிடும் என்று நினைப்பார்கள். மதிப்பைத் திருப்பித் தரும் ரிட்டர்னும் திரையில் காட்டும் பிரின்ட்டும் ஒன்று என்று நினைப்பார்கள். இவற்றைவிடப் பிடிவாதமானது, பெயரைப் பார்த்துக் கணினி புரிந்துகொள்ளும் என்ற நம்பிக்கை. ராய் பீ 1986-லேயே இதைப் பற்றி எழுதினார். சோதிக்க எளிய வழி: மிகச் சிறிய எண்ணைக் கண்டுபிடிக்கும் நிரலில் வேரியபிளுக்குப் 'பெரியது' என்று பெயர் வைத்து, என்ன வரும் என்று கேளுங்கள்.

பயிற்சி இப்படி: 10 முதல் 12 வரி நிரல், தாளில். திரை மூடியிருக்க வேண்டும். 3 நிமிடம் தனியாக, பேனாவால், என்ன வரும் என்று எழுதட்டும். 4 நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடட்டும். பிறகு ஓட்டிப் பார்த்து, தான் எழுதியதும் வந்ததும் எந்த வரியில் பிரிந்தன என்று ஒரே வாக்கியம். வாரம் இரண்டு முறை போதும். முதல் சுற்றில் வகுப்பில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரு பங்குவரை சரியாகச் சொன்னால் கேள்வி சரியான கடினத்தில் இருக்கிறது. எல்லோரும் சரியாகச் சொன்னால் பேச எதுவும் இல்லை. யாருமே சொல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவராலும் உதவ முடியாது. பென்சில் கொடுத்தால் வந்த விடையைப் பார்த்துத் தன் விடையை அழித்துத் திருத்திவிடுவார்கள், அதனால்தான் பேனா.

பிலிப் குவோ உருவாக்கிய பைத்தான் டியூட்டர் இதே அம்புப் படத்தை ஒவ்வொரு வரிக்கும் காட்டும். அருமையான கருவி. ஆனால் கையால் வரைந்த பிறகு சரிபார்க்க மட்டும் திறக்க விடுங்கள். முதலிலேயே திறந்தால் அடுத்து, அடுத்து என்று பொத்தானை அழுத்திக்கொண்டே போவார்கள், தலையில் ஒன்றும் நிற்காது.

---

ஒற்றைச்சுழல் பதில்:

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் நான்கு வாரம் தாளில் தடம் பார்த்துவிட்டு ஐந்தாம் வாரம் படைப்புக்குப் போகலாம் என்று யாரும் புரிந்துகொள்ள வேண்டாம். அதற்குள் பாதிப் பேருக்கு ஆர்வம் வற்றிவிடும். இரண்டும் ஒரே லேபில் நடக்க வேண்டும். ஓடுகிற ஒரு நிரலைக் கையில் கொடுங்கள். முதலில் என்ன செய்யும் என்று கணிக்கட்டும், பிறகு ஓட்டட்டும், பிறகு எந்த வரி எதற்கு என்று ஆராயட்டும், பிறகு ஒரு எண்ணை மாற்றி ஒரு ஃபங்ஷனைச் சேர்க்கட்டும், கடைசி 40 நிமிடம் தன்னுடையதாக்கட்டும். சூ சென்டன்ஸ் வகுத்த பிரிம் முறையின் ஐந்து படிகள் இவைதான்.

உங்கள் ப்ராஜெக்ட் ஏன் கால்குலேட்டரிலேயே நிற்கிறது? எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்றால், ஏற்கெனவே பார்த்ததுதான் யாருக்கும் நினைவுக்கு வரும். எல்லை போட்டால்தான் யோசனை பிறக்கும். ஒரு மாதிரிக் கட்டளை:

20-க்கு 20 கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம் தரும் ஃபங்ஷன் முன்பே எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். மொத்தம் 40 வரிக்குள் ஒரு படம் வரைய வேண்டும். நீங்களே எழுதிய ஒரு ஃபங்ஷனையாவது வெவ்வேறு மதிப்புகளோடு மூன்று முறை அழைத்திருக்க வேண்டும். லூப்புக்குள் லூப் ஒன்று இருக்க வேண்டும். நிறத்தைக் கட்டத்தின் வரிசை எண், நெடுவரிசை எண் இரண்டிலிருந்தும் கணக்கிட வேண்டும், கையால் ஒவ்வொன்றாக எழுதக்கூடாது.

36 பேரிடமிருந்து 36 படம் வரும். ஆனால் எல்லோரும் ஒரே கருத்தைத்தான் கையாண்டிருப்பார்கள், அதனால் மதிப்பிடுவதும் எளிது. குழந்தைகளுக்கான லோகோ நிரல்மொழிக்குத் தாழ்ந்த தரையும் (எளிய தொடக்கம்) உயர்ந்த கூரையும் (வளர இடம்) வேண்டும் என்றார் பேப்பர்ட், ஸ்கிராட்ச் நிரல்மொழியை உருவாக்கிய ரெஸ்னிக் அகன்ற சுவர்களை (பல வழிகள்) சேர்த்தார். உங்கள் ப்ராஜெக்டில் சுவரே இல்லை, அதாவது எல்லையே இல்லை, அதுதான் குறை.

ப்ராஜெக்டின் இரண்டாம் வாரத்தில் ஒரு மாற்றத்தை இறக்குங்கள்: கட்டம் 20 இல்லை, பயன்படுத்துபவர் சொல்லும் அளவு. நிரலெங்கும் 20 என்று எழுதியவர்கள் திணறுவார்கள், ஒரே இடத்தில் பெயர் வைத்தவர்கள் ஒரு வரியில் முடிப்பார்கள். எண்ணை நேரடியாக எழுதாதே என்று பத்து முறை சொல்வதைவிட இது ஆழமாகப் பதியும். இப்படி ஒரு மாற்றம் வரும் என்பதை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஏமாற்றியதாக நினைப்பார்கள். என்ன மாற்றம் என்று சொல்ல வேண்டாம்.

வெற்றுத் திரையில் உறைந்து போகிறவர்களுக்கு: 8 வரி நிரலை வரிவரியாக வெட்டிக் கலைத்து, இரண்டு தவறான வரிகளையும் சேர்த்துக் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். டேல் பார்சன்ஸ், பட்ரீசியா ஹேடன் இருவரும் 2006-ல் கொண்டுவந்த புதிர் வகை இது. எவ்வளவு உள்தள்ளுவது என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும், பைத்தானில் பாதித் தவறு அங்கேதான். தவறான வரிகள் மூன்றைத் தாண்டினால் நேரம் விழுங்கும், பலன் கூடாது.

---

வெண்பலகை பதில்:

இரண்டாவது பெரிய எண் பற்றி ஒரு சொல். கோட் எழுதும் முன் ஆறு உள்ளீடுகளையும் அவற்றுக்கான விடைகளையும் எழுதச் சொல்லுங்கள்: வெற்று லிஸ்ட், [4], [7, 7, 3], [-5, -2, -9], ஏறுவரிசை ஒன்று, இறங்குவரிசை ஒன்று. [7, 7, 3]-ல் இரண்டாவது பெரியது 7-ஆ, 3-ஆ? கேள்வியே முழுமையாக இல்லை என்பது அங்கே தெரியும். தொடக்க மதிப்பை 0 என்று வைத்த நிரல் எதிர்ம எண்களில் விழும். புதிய எண் பெரியதைவிடப் பெரிதாக இருந்தால் மட்டும் பழையதை இரண்டாவதற்கு நகர்த்தும் நிரல் ஏறுவரிசையில் சரியாக ஓடி, 9, 5, 3 என்ற இறங்குவரிசையில் 5-ஐப் பார்க்காமலே போகும். மாணவர்கள் எழுதும் நிரல்களில் அடிக்கடி வருவது இந்தத் தவறுதான், அவர்களே தேர்ந்தெடுத்த உள்ளீடு அதைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

இனி படைப்புத்திறன். அழகான திரை, வண்ணம், ஒலி என்று மட்டும் அதைப் புரிந்துகொண்டால் கணினி அறிவியலுக்கே உரிய படைப்பு எங்கே இருக்கிறது என்பது மாணவருக்குத் தெரியாமலே போய்விடும். அது பெரும்பாலும் ஒரு விஷயத்தை எப்படிக் குறித்து வைப்பது என்பதில் இருக்கிறது. டிக்-டாக்-டோ (3-க்கு 3 கட்டத்தில் ஒரே கோட்டில் மூன்று குறி வைப்பவர் வெல்லும் ஆட்டம்) போதும் இதற்கு. எட்டாம் வாரத்துக்குப் பொருந்தும், இரண்டு லேப் எடுக்கும்.

ஆட்டத்தை எழுதச் சொல்லாதீர்கள். ஒரு ஆட்டக்காரர் வென்றுவிட்டாரா என்று சொல்லும் ஒரே ஃபங்ஷனை மட்டும், மூன்று விதமாக எழுதச் சொல்லுங்கள். முதல் விதம் எல்லோருக்கும் வரும்: 9 இடம் கொண்ட லிஸ்ட், 8 கோடுகளையும் வரிசையாகச் சோதிப்பது.

இரண்டாவது விதத்துக்கு இந்தச் சதுரத்தைப் பலகையில் எழுதிவிட்டு எதுவும் சொல்லாமல் 5 நிமிடம் காத்திருங்கள்:

2 7 6
9 5 1
4 3 8

எந்தக் கோட்டைக் கூட்டினாலும் 15. இன்னொரு பக்கம், 1 முதல் 9 வரை மூன்று வெவ்வேறு எண்களைக் கூட்டி 15 வரவைக்க மொத்தம் 8 வழிதான் உண்டு, அந்த எட்டும் இந்த எட்டுக் கோடுகளேதான். ஆக, பலகையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் இந்த எண்ணையே பெயராக வைத்தால், ஆட்டக்காரர் எடுத்த எண்களில் ஏதோ மூன்றின் கூட்டல் 15 என்றால் அவர் வென்றார். கோடு என்ற எண்ணமே நிரலிலிருந்து மறைந்துவிடுகிறது! இங்கே வரும் வழக்கமான தவறு, ஆட்டக்காரரின் எல்லா எண்களையும் கூட்டிவிடுவது. மூன்று மூன்றாக எடுக்க வேண்டும். ஒருவரிடம் அதிகபட்சம் 5 எண்கள் இருக்கும், அதாவது 10 மும்மைகள்.

மூன்றாவது விதம், 9 பிட்டுகள் (0 அல்லது 1 நிற்கும் இடங்கள்) கொண்ட ஒரே எண். கட்டங்களுக்கு 1, 2, 4, 8 என்று 256 வரை மதிப்பு, எடுத்த கட்டங்களின் மதிப்பைக் கூட்டினால் ஆட்டக்காரரின் எண். வெற்றிக் கோடுகள்: வரிசைகள் 7, 56, 448, நெடுவரிசைகள் 73, 146, 292, மூலைவிட்டங்கள் 273, 84. ஆட்டக்காரரின் எண்ணையும் கோட்டின் எண்ணையும் பிட் பிட்டாக 'அண்ட்' செய்து (இரண்டிலும் 1 இருக்கும் இடத்தில் மட்டும் 1), மீண்டும் கோட்டின் எண்ணே வந்தால் வெற்றி. இந்த எட்டு எண்களை நீங்கள் கொடுக்காதீர்கள், அவர்களே கணக்கிடட்டும்.

இப்போதுதான் உண்மையான கேள்வி. பலகை 4-க்கு 4, கோட்டில் நான்கு வேண்டும் என்று மாற்றினால் எந்த விதம் உடையும்? எல்லாக் கோடும் ஒரே தொகை தரும் இப்படிப்பட்ட மாயச் சதுரம் 4-க்கு 4-லும் உண்டு, கூட்டுத்தொகை 34. பலரும் 15-ஐ 34 ஆக மாற்றினால் போதும் என்பார்கள். ஆனால் 1 முதல் 16 வரை நான்கு எண்களைக் கூட்டி 34 வரவைக்க 86 வழி உண்டு, கோடுகளோ 10 மட்டும். வெல்லாதவரை வென்றதாக நிரல் அறிவிக்கும். பிட் முறை 10 புதிய எண்களோடு அப்படியே நிற்கும். லிஸ்ட் முறை நீளும், ஆனால் உடையாது. முதலில் எல்லோரும் வியந்த வழிதான் முதலில் விழுகிறது. ஏன் விழுந்தது என்று அரைப் பக்கம் எழுத வைத்தால், புரிதல், படைப்பு என்று தனித்தனியாக நேரம் ஒதுக்க வேண்டிய தேவையே எழாது.

---

அரைப்புள்ளி:

மூவருக்கும் நன்றி. இரண்டு தடை இருக்கிறது. பாடத்திட்டம் முழுதும் முடிக்க வேண்டும், நேரம் எங்கிருந்து எடுப்பது? இன்னொன்று, ஏஐ கருவியிடம் கேட்டால் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் நொடியில் கோட் வந்துவிடும். மதிப்பெண்ணை எப்படிப் போடுவது?

---

தடம்காண்:

நேரம்: ஒரே வேலையை மூன்று விதமாகச் செய்யும் இலக்கணத்தைக் குறையுங்கள். பிரின்ட் வடிவமைப்பின் வகைகள், லிஸ்டின் எல்லா மெத்தட்களும், சுருக்க லூப் எழுத்துமுறை இவற்றை ஒரு பக்கக் குறிப்பாகக் கொடுத்துவிடலாம், தேவைப்படும்போது பார்த்துக்கொள்வார்கள். தேர்வில் வரும் என்றால் அந்தக் குறிப்பிலிருந்தே கேட்கலாம். அடுத்து, ஆசிரியர் வகுப்பில் நேரலையாகக் கோட் தட்டும் நேரம். ஒரு நிரலைத் தொடக்கம் முதல் முடிவுவரை தட்டிக் காட்ட 25 நிமிடம் போகிறது என்றால், பாதி தட்டிய நிலையில் தொடங்குங்கள்.

மதிப்பெண்: ஓடும் நிரலுக்கு 30-க்கு மேல் கொடுக்காதீர்கள். மாணவரே தேர்ந்தெடுத்த உள்ளீடுகளும் அவற்றுக்கான காரணமும் 20, எதை முயன்று ஏன் கைவிட்டோம் என்ற குறிப்பு 20, நேரில் 5 நிமிடக் கேள்வி 30. 36 பேருக்கு 180 நிமிடம், இரண்டு லேபில் மற்றவர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே முடித்துவிடலாம். மூன்று கேள்வி போதும்: இந்த வரியை எடுத்தால் என்ன ஆகும், எந்த உள்ளீட்டில் இது உடையும், இங்கே இந்த மாற்றத்தை இப்போதே செய். மூன்றாவதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். பதற்றத்தில் கை நடுங்குபவர்கள் உண்டு, அவர்கள் தட்டாமல் எந்த வரி, என்ன மாற்றம் என்று வாயால் சொன்னாலே முழு மதிப்பெண் கொடுங்கள்.

ஏஐயைத் தடுக்கப் பார்ப்பதில் பலன் குறைவு. எங்கிருந்து வந்த நிரலாக இருந்தாலும் அந்த ஐந்து நிமிடத்தில் தன்னுடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. லேபில் 25 வரி நிரலில் மூன்று பக் (பிழை) வைத்துக் கொடுத்துத் தேடச் சொல்வதும் நல்லது: கூட்டுத்தொகையை 0 ஆக்கும் வரி லூப்புக்குள், ரிட்டர்ன் ஒரு படி அதிகமாக உள்தள்ளி, எல்லை ஒன்று குறைவாக. ஒவ்வொன்றுக்கும் நான்கு வரிக் குறிப்பு: எதிர்பார்த்தது, வந்தது, என் சந்தேகம், அதை எப்படிச் சோதித்தேன். மூன்றும் ஒரே ஃபங்ஷனுக்குள் இருக்கக்கூடாது. இருந்தால் ஒரு பக் இன்னொன்றை மறைத்துவிடும், சரியாகத் திருத்தியவரும் திருத்தவில்லை என்று நினைத்துப் பழையபடி மாற்றிவிடுவார்.

---

ஒற்றைச்சுழல்:

இரண்டு பேராக வேலை செய்யவிட்டால் 10 நிமிடத்துக்கு ஒருமுறை கீபோர்டு கைமாற வேண்டும், வேகமானவர் முதலில் உட்காரக்கூடாது. இதைக் கண்காணிக்காவிட்டால் ஒருவர் கற்கிறார், ஒருவர் பார்க்கிறார்.

கணினியே இல்லாத ஒரு வகுப்பும் வையுங்கள். டிம் பெல் குழுவின் அன்பிளக்டு பயிற்சிகளில் உள்ள அட்டை வித்தை: ஒரு மாணவர் 25 அட்டைகளை 5-க்கு 5 ஆக, கறுப்பும் வெள்ளையும் இஷ்டப்படி அடுக்குகிறார். நீங்கள் ஒரு வரிசையும் ஒரு நெடுவரிசையும் சேர்த்து 6-க்கு 6 ஆக்குகிறீர்கள், எல்லாவற்றிலும் கறுப்பு இரட்டைப்படையாக வரும்படி. நீங்கள் திரும்பி நிற்கும்போது அவர் ஒரு அட்டையைப் புரட்டுகிறார். ஒற்றைப்படையான வரிசையும் நெடுவரிசையும் சந்திக்கும் இடம்தான் அது. வித்தை 10 நிமிடம். அதோடு நிறுத்திவிட்டால் அது விளையாட்டு மட்டுமே. மீதி 50 நிமிடத்துக்கு: இரண்டு புரட்டினால் கண்டுபிடிக்க முடியுமா? பிழை இருக்கிறது என்று தெரியும், எந்த இரண்டு என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்று? அதுவும் கட்டாயம் தெரியும். சிக்காமல் தப்ப மிகக் குறைவாக எத்தனை அட்டை புரட்ட வேண்டும்? நான்கு, ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகளில். இந்த விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அட்டைகளைப் புரட்டிப் புரட்டி அவர்களே அங்கு வருவார்கள். அடுத்த லேபில் இதையே நிரலாக எழுதலாம், என்ன எழுதப்போகிறோம் என்பது எல்லோருக்கும் ஏற்கெனவே கையில் இருக்கும்.

---

வெண்பலகை:

தடம்காண் சொன்ன மதிப்பெண் பிரிவில் கைவிட்ட முயற்சிக்கு 20 என்பதில் ஒரு எச்சரிக்கை. ப்ராஜெக்ட் முடிந்த பிறகு கேட்டால் கற்பனையாக எழுதுவார்கள். ஒவ்வொரு லேபின் கடைசி 5 நிமிடத்தில் இரண்டு வாக்கியம் எழுதி அங்கேயே கொடுத்துவிட்டுப் போக வேண்டும்: இன்று எதை மாற்றினேன், எது ஓடவில்லை. ஓடாமல் போனதற்கு மதிப்பெண் குறையாது என்பதை முதல் வாரமே சொல்லி, முதல் இரண்டு தாள்களை மதிப்பிடும்போது செய்தும் காட்டுங்கள். அதற்குப் பிறகுதான் உண்மையை எழுதத் தொடங்குவார்கள்.